நான்கு பேர் கொண்ட நூலகக் குழு

ஹார்லன் கூலி என்ற பள்ளி மாவட்டத்தில் பள்ளிகள் ஐந்து, நூலகங்கள் ஐந்து, நூலகர் ஒருத்தி. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு பள்ளி என்று அவ்வளவு அழகாகப் பொருந்திப்போனதால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை படிக்க ஆசை வந்து, அந்தப் பள்ளிக்கு நூலகர் வரும் நாள் வியாழன் என்றால், பிள்ளை தன் ஆசையை இரண்டு நாள் அடக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு கல்விதான் என்று மாவட்ட அலுவலகம் கருதியது.

அந்த ஒருத்தியின் பெயர் ஆர்டிஸ் மேரி ஹாகன்சன். வயது ஐம்பத்தேழு. கணவர் லோவெல் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காரின் பின்னிருக்கையில் புத்தகப் பெட்டிகள், அவற்றுக்கு மேல் ஒரு கம்பளி, பனியில் சிக்கினால் தோண்டி வெளியே வர ஒரு மண்வெட்டி. சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே நேர்கோடாகப் போகும் சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் பள்ளி வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுப்பாள். இன்னொரு நூலகர் வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் ஒரே கோரிக்கை. பிள்ளைகளின் நலனுக்காக என்று காரணம் எழுதுவாள். அது பொய்யில்லை. ஆனால் எழுதாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. நனைந்து ஊறிப்போன புத்தகத்தை ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி, ஒரே குதிரைப் புத்தகத்தைப் பதினோராவது முறை எடுக்க வரும் பெண்ணிடம் வேறு ஏதாவது படியேன் என்று சொல்லலாமா கூடாதா, இதையெல்லாம் பேச அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தொண்ணூறு மைல் சுற்றுவட்டாரத்தில் அவள் தொழிலைச் செய்யும் இன்னொரு ஜீவன் கிடையாது. தேவாலயத்தில் காபி குடிக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் அன்பாகத் தலையாட்டிவிட்டு வானிலைக்குப் போய்விடுவார்கள்.

மாநிலப் பள்ளி நூலகர் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஆண்டுக்கொரு மாநாடு நடத்தும். கழுத்தில் தொங்கும் பெயரட்டைக்குக் கீழே வண்ண வண்ண நாடாக்கள் ஒட்டிக்கொள்ளத் தருவார்கள். ஆர்வமுள்ளவர்களுக்கு அது முழங்கால் வரை தொங்கும். நமக்காக நாம்தான் குரல் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்கப் போவதில்லை என்று மேடையில் சொல்வார்கள். எப்படிக் கொடுப்பது என்பதற்கு நூற்று நாற்பது பக்கத்தில் கையேடு ஒன்று போட்டிருந்தார்கள். ஆர்டிஸ் அதை இரண்டு முறை படித்திருந்தாள். படித்தவர்கள் அநேகமாக அவளும் அச்சுப்பிழை திருத்தியவரும்தான்.

அவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு நல்ல வேளை இருந்தது. வியாழன் காலை ஏழரை மணி. அப்போது மாவட்டத்து ஆசிரியர்கள் எல்லோரும் பாடவாரியாகக் குழுக் குழுவாக உட்கார்ந்து தொழிலில் வளர்வார்கள். அதற்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தப் பாடத்திலும் சேராத உடற்பயிற்சி ஆசிரியர், இசை ஆசிரியை, ஓவிய ஆசிரியை, ஆர்டிஸ் ஆகியோர் கடைசி மேசையில் ஒன்றாக உட்காருவார்கள். இசை ஆசிரியை டார்லா எலுமிச்சைச் சதுரங்கள் என்னும் இனிப்பைச் சுட்டுக் கொண்டுவருவாள். அந்த மேசையில் ஒருவரும் வளர்ந்ததாகத் தகவல் இல்லை, ஆனால் நிறையச் சிரித்தார்கள்.

மாவட்டக் கண்காணிப்பாளர் வெர்லின் டீட்ஸ் அதைக் கவனித்துவிட்டார். பதினைந்து ஆண்டு கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து, முழங்கால் போனதும் கல்வியாளராக ஆனவர் அவர். அந்தக் கோடையில் எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, ஒரே தொழில் செய்பவர்கள் மட்டும்தான் ஒரே குழுவில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைசி மேசை கலைக்கப்பட்டது. நூலகக் குழு என்று தனியாக ஒன்று உதயமானது. அதன் முழு உறுப்பினர் பட்டியல் ஆர்டிஸ்.

குழுவைக் கணினியில் பதிய வேண்டும். படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. கூட்டத்தை நடத்துபவர், நேரம் பார்ப்பவர், மாற்றுக் கருத்து சொல்பவர், குறிப்பு எழுதுபவர். நான்கும் நிரம்பினால் படிவம் பச்சையாகும். ஒன்று குறைந்தாலும் சிவப்பு. தொழில் வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர் கிரிஸ்டல் ஓப்டாலை ஆர்டிஸ் தொலைபேசியில் பிடித்தாள்.

"கிரிஸ்டல், இது நாலு பேர் கேக்குது. நான் ஒருத்திதானே இருக்கேன்."

"தெரியுது ஆர்டிஸ். ஆனா எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்."

"என் பேரையே நாலு தடவை போட்டுப் பாத்தேன். ஏத்துக்க மாட்டேங்குது."

"ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா சிவப்பாயிடும். கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்களேன். எப்படியாவது பச்சையாக்கிடுங்க. மொத்த மாவட்டத்துலயும் உங்க கட்டம் ஒண்ணுதான் சிவப்பா நிக்குது. வெர்லின் காலைல காபியும் கையுமா வந்து முதல்ல அதைத்தான் பாக்கறாரு."

ஆர்டிஸ் மாற்றிப் போட்டாள். கூட்டத்தை நடத்துபவர், மேரி ஓல்சன். நடுப்பெயரையும் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் சேர்த்தது. நேரம் பார்ப்பவர், ஏ. எம். ஹாகன்சன். மாற்றுக் கருத்து சொல்பவர், ஆர்டி ஓல்சன். பள்ளிக்கூட நாட்களில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். குறிப்பு எழுதுபவர், ஆர்டிஸ் ஹாகன்சன். படிவம் புல்வெளி மாதிரி பச்சையானது. வெர்லின் நிம்மதியாகக் காபி குடித்தார்.

முதல் வியாழன் அவள் நூலகத்தில் வட்ட மேசை முன்னால் தனியாக உட்கார்ந்தாள். அச்சடித்த நிகழ்ச்சி நிரலின்படி முதல் ஐந்து நிமிடம் மனம் திறத்தல். அந்த வாரம் நடந்த ஒரு நல்ல விஷயத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஆர்டிஸ் காலி நாற்காலியைப் பார்த்து, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல்முறையாக ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது என்ற விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டதாகக் குறிப்பில் எழுதினாள்.

மாற்றுக் கருத்துப் பத்தியைக் காலியாக விட்டால் மறுபடியும் சிவப்பு. குறைந்தது ஐம்பது எழுத்தாவது வேண்டும். அந்த வாரம் குதிரைப் புத்தகங்களை வழக்கம்போல மேல்தட்டிலேயே அடுக்குவது என்று மேரி ஓல்சன் முன்மொழிந்திருந்தார். எதையாவது எழுதித் தொலைப்போம் என்று ஆர்டி ஓல்சனின் பெயரில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது, எட்டாததைக் கேட்கவும் கூச்சப்படுவார்கள், கீழ்த்தட்டில் வையுங்கள் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக மேல்தட்டில் இருந்த குதிரைகள் அன்றைக்கே கீழே இறங்கின. அடுத்த வாரத்துக்குள் அந்தத் தட்டு காலி.

அன்று சாயங்காலம் காரில் போகும்போது, "ஆர்டி சொன்னது சரி," என்று ஆர்டிஸ் வாய்விட்டே சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. நான்கு மைல் தள்ளித்தான் அது எவ்வளவு பெரிய தனிமை என்று உறைத்தது. ரேடியோவைப் போட்டுக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தது. பொறுப்புக்குத் தகுந்தபடி நாற்காலி மாறி உட்காருவது முதலில் கூச்சமாகவும் பிறகு வசதியாகவும் இருந்தது. ஏ. எம். ஹாகன்சன் நேர விஷயத்தில் கறார். பேச்சு நீண்டால் மேசையைத் தட்டுவார். ஆர்டி எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பாள், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஜனவரியில் ஆர்டிஸ் எலுமிச்சைச் சதுரங்கள் சுட ஆரம்பித்தாள். நான்கு துண்டு வெட்டி, ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த மாதமே கிரிஸ்டல் குழுவைப் பார்வையிட வந்தாள். பார்வையாளர் பேசக் கூடாது, தலையிடக் கூடாது, தாளில் உள்ள கேள்விகளுக்குப் பதில் குறித்தால் போதும் என்பது விதி. நாற்பத்தைந்து நிமிடம் மூலையில் உட்கார்ந்து குறித்தாள். எல்லோரும் நேரத்துக்கு வந்தார்களா? ஆம். எல்லோருக்கும் சமமாகப் பேச வாய்ப்புக் கிடைத்ததா? ஆம். யாராவது தங்களுக்குள் கிசுகிசுத்தார்களா? இல்லை. யாராவது கைபேசியை நோண்டினார்களா? இல்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்று தாளில் எங்கும் கேட்கவில்லை, ஆகவே அவளும் எங்கும் எழுதவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவள் தயங்கியபடி ஆர்டிஸிடம் வந்தாள்.

"ஆர்டிஸ், ஒரு விஷயம் சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

சொல்லப் போகிறாள் என்று ஆர்டிஸ் எதிர்பார்த்தாள். அவமானமாக இருந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

"கடிகாரத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி நடுவுல வைங்க. மத்தபடி பிரமாதம்," என்றாள் கிரிஸ்டல்.

மாவட்டத்தின் மிகச் சிறந்த குழுவாக நூலகக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்காக ஆசிரியர்கள் அத்தனை பேரையும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்து வெர்லின் பேசினார். சண்டை இல்லாத குழு, பாதியில் எழுந்து போகாத குழு, ஒருவர் மனதை ஒருவர் சொல்லாமலே புரிந்துகொள்ளும் குழு, இப்படி ஒன்றைத்தான் தான் இருபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. குழுவினர் எழுந்து நிற்கவும் என்றார். மரப்படி இருக்கைகளில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் எழுந்து நின்றாள். வெர்லின் மற்ற மூவரையும் கண்ணால் தேடினார்.

"மத்தவங்க வேலையில இருக்காங்க போல," என்றார் ஒலிபெருக்கியில். "பாருங்க. கைதட்டு வாங்கக்கூட வரல. அதுதான் டீம்."

கூடமே கைதட்டியது. எதிர்ப்பக்கத்தில் டார்லாவும் தட்டினாள். அவளை இப்போது நாற்பது மைல் தள்ளி இருக்கும் இசை ஆசிரியர்களோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். போக வர எண்பது மைல் என்பதால் எலுமிச்சைச் சதுரங்களை விட்டுவிட்டாள் என்று கேள்வி.

மார்ச்சில் வழக்கம்போல வாரியத்துக்கு விண்ணப்பம். இந்த முறை ஆர்டிஸ் உறுதியாக இருந்தாள். நாற்காலிகளோடு பேசப் பழகிவிட்டது அவளுக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அடுத்த குளிர்காலத்தையும் இப்படிக் கழித்தால் தான் என்ன ஆவோம் என்று தெரியவில்லை. ஆகவே கையேட்டை எடுத்து மூன்றாம் முறையாகப் படித்தாள். உங்கள் எண்களைச் சொல்லாதீர்கள், மாவட்டத்தின் எண்களையே சொல்லுங்கள், அவர்களால் மறுக்க முடியாது என்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. மாவட்டத்தின் இணையப் பக்கத்திலிருந்து பணியாளர் விவரத் தாளை எடுத்து ஏழு பிரதி அச்சடித்தாள். மேலே இருந்த மாணவர் எண்ணிக்கைக்கு அடிக்கோடு போட்டாள். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே நூலகத் துறை, ஒன்று என்றுதான் இருந்தது.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். ஆர்டிஸ் இரண்டரை நிமிடம் நன்றாகவே பேசினாள். பிள்ளைகள், வியாழனுக்காகக் காத்திருக்கும் செவ்வாய்க்கிழமைகள், ஐந்து கதவுகளில் நான்கு எந்நாளும் பூட்டியிருப்பது, இன்னும் ஒரே ஒரு ஆள். வாரிய உறுப்பினர்கள் ஏழு பேரும் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் விதை வியாபாரி ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா, இதுல ஏற்கனவே நாலு பேர்னு போட்டிருக்கே. அஞ்சு ஸ்கூலுக்கு நாலு பேரா? என் பண்ணையிலயே மூணு பேர்தான் இருக்கோம்."

ஆர்டிஸ் தாளைப் பார்த்தாள். நூலகத் துறை, நான்கு. தொழில் வளர்ச்சிப் படிவத்திலிருந்து கணினி தானாகவே எடுத்துப் போட்டிருந்தது. அந்த நான்கும் நானே என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது மூன்று நிமிட மணி அடித்தது. மணி அடித்தபின் பேசுவது எதுவும் குறிப்பில் ஏறாது. அவள் பேசினாள், ஏறவில்லை.

அன்றைக்கே வாரியம் முடிவெடுத்தது. நூலகத் துறையில் ஆள் அதிகம். ஆனாலும் விருது வாங்கிய குழுவை ஒரேயடியாக வெட்டுவது மனிதாபிமானம் ஆகாது. ஒருவரை மட்டும் குறைக்கலாம். யாரை என்பதைத் தொழில் வளர்ச்சிப் பதிவுகள் முடிவு செய்யட்டும்.

கிரிஸ்டல் பதிவுகளை அலசினாள். மேரி ஓல்சன் ஒரு கூட்டம் விடாமல் தலைமை தாங்கியவர். ஏ. எம். ஹாகன்சன் கட்டுப்பாட்டின் உருவம். ஆர்டி ஓல்சனின் துணிச்சலான மாற்றுக் கருத்துகளால் புத்தகம் எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஆர்டிஸ் ஹாகன்சன் என்பவர் இருபத்தாறு கூட்டங்களில் ஒரு கருத்துகூடச் சொல்லவில்லை. குறிப்பு எழுதுபவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது படிவத்தின் விதிதான். இருந்தாலும் இருபத்தாறு கூட்டங்கள் வாயே திறக்காமல் இருப்பது வளர்ச்சியில் நாட்டமின்மையைக் காட்டுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஆர்டிஸின் பெட்டியில் வேலைநீக்கக் கடிதம் கிடந்தது.

அவள் வெர்லினைப் போய்ப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தி, காபி ஊற்றிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் மேசைக்குப் பின்னால் இருந்த திரையில் மாவட்டத்துக் கட்டங்கள் எல்லாம் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"வெர்லின், அந்த மூணு பேரும் நான்தான்," என்றாள் ஆர்டிஸ். "மேரி நான். ஏ. எம். நான். ஆர்டியும் நான். வேற யாருமே இல்ல. எல்லாத்தையும் நான் ஒருத்திதான் செஞ்சேன்."

வெர்லின் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"ஆர்டிஸ், நான் பதினஞ்சு வருஷம் கோச்சா இருந்தவன். டீம்லேருந்து ஒருத்தரை எடுத்தா அவங்க வாயிலேருந்து முதல்ல வர்றது இதுதான். எல்லாம் நான்தான் செஞ்சேன், மத்தவங்க யாருமே இல்லன்னு. எனக்கு உங்க மேல கோவமில்ல. ஆனா கூட வேலை பாத்தவங்களை இல்லவே இல்லன்னு சொல்றீங்க பாருங்க, அதான் பிரச்சனை. அவங்க மூணு பேரும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல. தெரியுமா உங்களுக்கு?"

"அவங்க சொல்லவே முடியாது, வெர்லின்."

"அதான் பெருந்தன்மை."

ஆர்டிஸ் விடவில்லை. அவர்களில் ஒருவரையாவது அவர் நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டாள். கண்காணிப்பாளர் என்பவர் தன் ஆட்களை நம்ப வேண்டும், எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கருத்தரங்கில் சொல்லிக் கொடுத்திருப்பதாக வெர்லின் சொன்னார். அந்த மூவருக்கும் சம்பளமே போகவில்லையே, அதையாவது விசாரியுங்கள் என்றாள். சம்பளப் பிரிவு வேறு கட்டடத்தில் இருக்கிறது, அதன் கட்டமும் பச்சையாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு தானாகவே நெகிழ்ந்துபோய், ஒரு வருஷமாகச் சம்பளம் வராமலே முனகாமல் வேலை செய்திருக்கிறார்களா என்று கேட்டு, அப்படிப்பட்ட அர்ப்பணிப்பைத் தான் ஆட்டக்களத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார்.

ஆர்டிஸ் சங்கத்தைக் கூப்பிட்டாள். அதன் 'குரல் கொடுப்போம்' என்ற குழுவின் தலைவி மெரிடித் உடனே எடுத்தாள். ஹார்லன் கூலி என்றதும் அந்தப் பக்கம் உற்சாகம் பொங்கியது. ஐந்து பள்ளிக்கு மூன்று நூலகர்! மாநிலத்திலேயே இந்த விகிதம் வேறெங்கும் கிடையாது. சங்கத்தின் கையேட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று அடுத்த இதழில் அட்டைப்படச் செய்தியே போடப் போகிறார்கள். அந்த மூவரின் புகைப்படம் கிடைக்குமா என்று கேட்டாள். அங்கே யாருமே இல்லை, நான் ஒருத்திதான் இருந்தேன், இப்போது நானும் இல்லை என்றாள் ஆர்டிஸ்.

மெரிடித்தின் குரல் கனிந்தது. "தனியா இருக்கற மாதிரி தோணுறது நம்ம ஃபீல்டுல ரொம்ப சகஜம் ஆர்டிஸ். அதுக்குன்னே ஒரு ஆன்லைன் வகுப்பு வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை நாலு மணி. நூத்தி எழுபது பேர் சேந்திருக்காங்க. யாரும் பேச முடியாது, எல்லாரையும் மியூட்ல போட்டுடுவோம், ஆனா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

வேலையில் இல்லாத உறுப்பினர் என்ற பிரிவில் புதுப்பித்துக்கொள்ள ஒரு படிவமும் அனுப்புவதாகச் சொன்னாள். அனுப்பவும் செய்தாள்.

மே மாதக் கடைசி நாளில் சாவிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. விலகுபவர் ஒப்படைத்ததற்கும், தொடர்பவர்கள் மூவர் பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்து வேண்டும். ஆர்டிஸ் நான்கு கையெழுத்தும் போட்டாள். ஆர்டியின் கையெழுத்துக்குப் பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். கிரிஸ்டல் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு பேர் எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கே என்றாள்.

"ரொம்ப நாள் ஒண்ணா வேலை பாத்தோம்ல," என்றாள் ஆர்டிஸ்.

கிரிஸ்டலுக்குக் கண் கலங்கிவிட்டது.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. நூலகக் குழுவின் கூட்டக் குறிப்பை யாரும் மாற்றவில்லை என்றால் போன வாரத்துக் குறிப்பையே படிவம் தானாக எடுத்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே கட்டம் ஒரு வாரம்கூடச் சிவக்கவில்லை. கூட்டுறவுக் கடையில் மாவும் முட்டையும் வாங்கப் போன இடத்தில் பிள்ளைகள் ஆர்டிஸைப் பிடித்துக்கொண்டார்கள். லைப்ரரி ஏன் எப்பப் பாத்தாலும் பூட்டியே கிடக்குது என்றார்கள். ஒரு பெண், தன்னிடம் இருக்கும் குதிரைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாததால் அடுத்ததை எடுக்க முடியவில்லை என்றாள். நியாயமான புகார். ஆர்டிஸ் முட்டைப் பெட்டியைக் கூடையில் வைத்தாள். சம்பளம் வேண்டாம், மூவர் பெயரில் வாங்கிய சாவி கையில்தான் இருக்கிறது, சும்மா போய்த் திறந்து வைப்போம், யார் கேட்கப் போகிறார்கள் என்று முடிவு செய்தாள்.

அடுத்த வியாழன் காலை ஏழரைக்கு முன்பே பள்ளிக்குப் போனாள். வாசல் கதவு புதிது. உள்ளே போகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அலுவலக உதவியாளர் லவோன் பொத்தானை அழுத்த வேண்டும். லவோனுக்கும் அவளுக்கும் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

"யாரைப் பாக்க வந்திருக்கேன்னு போடணும் ஆர்டிஸ்."

"லவோன், உன் கண்ணு முன்னாடியே எத்தனை வருஷம் இந்த வழியா நடந்திருக்கேன்."

"எனக்கு உன்னைத் தெரியாதா? இந்த மெஷினுக்குத்தான் தெரியல. அந்த டிபார்ட்மென்ட் ஆள் யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும். அதான் இப்ப ரூல். ஒரு பேர் சொல்லு, கூப்பிடறேன்."

ஆர்டிஸ் யோசித்தாள். ஏ. எம். கூட்டம் முடியாமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார். ஆர்டி வருவாள், வந்து ஏதாவது வாதம் பண்ணுவாள்.

"மேரி ஓல்சன்," என்றாள்.

லவோன் எண்ணை அழுத்தினாள். நடைவழியின் கடைசியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் தொலைபேசி அடிப்பது இங்கே வரை கேட்டது. பன்னிரண்டு முறை அடித்தது. லவோன் ரிசீவரைக் காதில் பிடித்தபடியே திரையில் வேறு எதையோ தட்டிப் பார்த்தாள்.

"ஓ, இன்னைக்கு வியாழக்கிழமை. அவங்க மீட்டிங்ல இருக்காங்க, எட்டேகால் வரைக்கும். முடிஞ்சதும் வந்துடுவாங்க. அங்க உக்காரு."

ஆர்டிஸ் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சிலர் கையசைத்தார்கள், சிலர் இவள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே யாரும் இல்லை என்று அந்தக் கட்டடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இருந்தும் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த புத்தகத்தைப் பற்றி முதலில் கேட்பதா, குதிரைப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்வதா என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். எட்டேகால் மணி அடித்ததும், தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அவர்களை வரவேற்க எழுந்து நின்றாள்.